காவல் பனியன்

மருதாசலம் மேஸ்திரி வாயைத் திறந்தால் "நல்லதுக்குத்தானுங்க" என்றுதான் வரும். பெல்ட் அறுந்து தையல் செக்‌ஷன் முழுக்க நின்றுபோனாலும் நல்லதுக்குத்தான், சித்த நேரம் இடுப்பை நிமிர்த்திக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் நல்லதுக்குத்தான், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அவருடைய கல்யாணத்தன்று மழை கொட்டிப் பந்தல் சரிந்தபோதும் அதையேதான் சொன்னாராம். பெண்டாட்டி சாரதாமணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். கம்பெனியில் அவருக்கு 'நல்லதுக்குத்தான் மேஸ்திரி' என்றே பேர். முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை, நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிரிப்புக்கு ஒரு மதிப்பு இருந்தது. நூல் கிடைக்காமல் திருப்பூரில் பாதிப் பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வருஷத்தில், சென்னியப்ப முதலாளியின் கம்பெனியிலும் மெஷின்கள் சும்மா கிடந்தன. டெய்லர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். மருதாசலம்தான் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று, எதையாவது பேசிச் சிரிக்க வைத்து, "இன்னொரு வாரம் பாருங்க சாமி" என்று பிடித்து வைத்தார். நூல் வந்தது. ஆட்கள் கலையாமல் இருந்ததால் அந்தத் தெருவில் முதலில் ஓடிய மெஷின் அவர்களுடையதுதான். அன்று முதல் அவர் சொன்னால் செக்‌ஷன் கேட்கும். பாவிகள், கொஞ்சம் அதிகமாகவே கேட்டார்கள்.

எழுபத்தோராம் வருஷம் ஆடி மாதத்தில் பெரிய முதலாளி சென்னியப்பன் படுத்த படுக்கையானார். ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் போயிற்று, பேச்சும் குழறிவிட்டது. பம்பாயில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த மகன் ஞானசம்பந்தம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நல்ல பையன், மரியாதைக்காரன், எல்லாரையும் அண்ணா, அக்கா என்பான். சத்தம் போட்டே பேசமாட்டான். பெரியவர் வாய் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த மெல்லிய குரல்தான் என்னவோ போல இருந்தது.

முதலில் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். பெயிண்ட் அடிக்கவென்று சொன்னார்கள். ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது, பலகை வரவில்லை. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பிறகு யாரோ இரண்டு பேர் டேப்போடு வந்து தையல் மேசைகளை அளந்தார்கள். நீளம், அகலம், உயரம். "எதுக்குங்க?" என்று கேட்டதற்கு ஒருவன் தலையை ஆட்டினான், இன்னொருவன் அதையும் செய்யவில்லை. ஒருநாள் காலையில் ஆபீஸ் ரூமில் பெரியவர் கும்பிட்டுக்கொண்டிருந்த முருகன் படத்தையும் காணோம்.

"அப்பா தலைமாட்டுல இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேனுங்க" என்றான் ஞானசம்பந்தம்.

"பாத்தீங்களா? பெத்தவரு மேல எத்தனை பாசம்!" என்று செக்‌ஷனில் வந்து சொன்னார் மருதாசலம்.

"சாமியே ஊட்டுக்குப் போயாச்சு, நாம எப்பப் போறதுங்க?" என்றாள் மருதாள். அவள் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக்கொடுத்து, தைத்ததை வாங்கி மடிக்கிற வேலை. புருஷன் இல்லாதவள், வாய் மட்டும் நிறைய உண்டு. செக்‌ஷன் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. மருதாசலத்துக்கும் அது தெரியத்தான் செய்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஞானசம்பந்தம் அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தான். உட்கார வைத்தான் என்பதைக் கவனியுங்கள். பெரியவர் காலத்தில் மேஸ்திரி அந்த அறையில் உட்கார்ந்ததே கிடையாது.

"மருதாசலண்ணா, ஆளுக மூஞ்சியப் பாத்தீங்களா? எல்லாம் தொங்கிப் போச்சு. கம்பெனி மாறுதுன்னா பயம் வரத்தான் செய்யும். ஆனாப் பயந்துக்கிட்டே தைக்க முடியுங்களா? நீங்க சிரிச்சா செக்‌ஷனே சிரிக்குமுன்னு அப்பா சொல்லுவாரு. பூஜை முடியற வரைக்கும் ஒருத்தரும் கெட்டதை நெனைக்கப்படாது. அது உங்க பொறுப்புங்க."

என்ன மாறுதுங்க தம்பி என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பொறுப்பு என்று சொல்லிவிட்டானே, அது அவருக்கு வெல்லமாக இனித்தது. "பாத்துக்கறனுங்க" என்றார்.

"இன்னொண்ணுங்க. வருசா வருசம் மேலாப்புல தொடைச்சுப்புட்டுச் சந்தனம் வெக்கறோம். அதெல்லாம் ஒரு பூஜையா? இந்த வருசம் ஒவ்வொரு மெசினையும் மேசையிலிருந்து கழட்டி, பெல்ட்டச் சுருட்டி, சீமெண்ணெயில குளிப்பாட்டி, எண்ணெய் போட்டுத் தரையில வரிசையா வெச்சுக் கும்பிடோணும். அப்பா எந்திரிச்சு வரோணுமுன்னு வேண்டிக்கிட்டேன்."

மருதாசலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்பறமுங்க, அந்தப் பாய் இருக்காருல்ல. இந்தத் தடவ அவரு காவலுக்கு வர வேண்டாம். பாவம், அவரும் பொண்டாட்டி புள்ளைகளோட இருக்கட்டும். நானே பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் காவல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜையன்று மத்தியானம் கும்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டினால், விஜயதசமி கழிந்து அடுத்த நாள் காலையில்தான் அந்தக் கம்பெனியைத் திறப்பார்கள். அதுவரை ஒருவரும் மெஷினைத் தொடக்கூடாது, உள்ளே காலும் வைக்கக்கூடாது. வாட்ச்மேனும் ஊருக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் கட்டில் போட்டுக் காவல் இருப்பவர் டெய்லர் அமானுல்லா. கம்பெனி தொடங்கிய வருஷத்திலிருந்து அப்படித்தான். அதற்குப் பதிலாக ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் மெஷினில் வேறு யாராவது உட்கார்ந்து தைத்து வைப்பார்கள். யாரும் பேசி வைத்துச் செய்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது. பூஜை கழிந்து கதவு திறந்ததும் மேஸ்திரி உட்கார்ந்து ஒரு பனியன் தைப்பார். புது வருஷத்தின் முதல் பனியன். அது காவல் இருந்தவருக்கு. இரண்டு கையாலும் நீட்டிக் கொடுப்பார், அமானுல்லா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். காவல் பனியன் என்றே அதற்குப் பேர்.

டீக்கடையில் வைத்து மருதாசலம் இதைச் சொன்னார், அதுவும் பண்டிகைப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி. "மாப்ள, உனக்கும் இந்த வருசம் லீவு! சின்ன மொதலாளிக்கு உன்மேல எத்தனை அக்கறை பாரு." மாப்ள, மாமா என்று முறை வைத்துக் கூப்பிட்டே இருவருக்கும் பழகிவிட்டது.

அமானுல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தார். நெடுநெடுவென்று உயரம், அகலமான தோள், மெஷினுக்கு முன்னால் அந்த உடம்பை மடக்கி உட்காருவதே பெரும்பாடு. "நான் என்ன தப்புப் பண்ணுனனுங்க மாமா?" என்றார்.

"அட, தப்பென்ன தப்பு? உன்னைய ஊட்டோட இருக்கச் சொல்றாங்க!"

"ஊருக்கு வெளிய மண்ணரையில சின்ன மொதலாளியோட மச்சான் பேர்ல ஒரு ஷெட்டு போட்டிருக்குது. சித்தப்பன் பேர்ல இன்னொண்ணு. ரெண்டுக்கும் கரண்ட் இழுத்தாச்சு. எங்க ஊட்டுக்காரி அமீருன்னிசாவோட தம்பிதான் ஒயரிங் வேல பாத்தான். உள்ள ஒரு மெசினுகூட இல்லீங்களாம், மேசை மட்டும் போட்டு வெச்சிருக்குதாம். மெசினு எங்கிருந்து வருமுங்க மாமா?"

மருதாசலம் ஆறிப்போன டீயை இன்னும் ஆற்றினார்.

"ஒரே கம்பெனியா இருந்தா சங்கம் கேக்கும், சட்டம் கேக்கும், நாம எத்தனை வருசம் தெச்சமுன்னு ஒரு கணக்காச்சும் இருக்கும். துண்டு துண்டா வெட்டிப்போட்டா யாரு யாரக் கேக்கறது? நாமெல்லாம் புது ஆளு, இல்லாட்டி ஆளே இல்ல. மெசினு இங்க இருக்கற வரைக்கும் நம்மகிட்டப் பேசித்தான் ஆகோணும். அதனால பூஜைக்கு முன்னாலயே எல்லாருமாப் போயிக் கேப்பம். ஒரு வார்த்த சொல்லட்டும், போதும்."

அவர் சொல்லச் சொல்ல மருதாசலத்துக்கு மேசையை அளந்தவர்கள் கண்முன் வந்து நின்றார்கள். அப்போதே எழுந்து போயிருந்தால்! ஆனால் கேட்கப் போனால் கேட்டதாகிவிடும். கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை, அவரே அதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

"நல்ல நாள் வருது, இப்பப் போயி மல்லுக்கு நிக்கறதா? அப்பனுக்காக வேண்டிக்கிட்டு நிக்கறான் அந்தப் பையன். பூஜை முடியட்டும், மறுநாளே நான் போயிக் கேக்கறேன். என்மேல நம்பிக்கை இல்லியா மாப்ள?"

அமானுல்லா இரண்டு டீக்கும் காசை எடுத்து வைத்தார். "உங்க மேல இருக்குதுங்க மாமா" என்றார்.

அந்த வாரம் முழுக்க மருதாசலம் சிரிக்க வைத்தார். பாட்டென்ன, பழைய கதையென்ன, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ய விடுவதென்ன! யாராவது இருவர் கூடிக் குசுகுசுவென்று பேசினால் நடுவில் போய் நின்றுகொள்வார். "கெட்டத நெனச்சா கெட்டதுதான் வரும் கண்ணு. வேலையப் பாரு, மனசு தானாத் தெளியும்." யாராவது மண்ணரை என்று ஆரம்பித்தால் பொங்கலுக்கு யார் வீட்டு நெய் என்று பேச்சை மாற்றுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் சோறு இறங்கவில்லை. சாரதாமணி கேட்டதற்குச் சூடு என்று சொல்லிவிட்டார்.

பூஜைக்கு முதல்நாள் மெஷின்களைக் கழற்றினார்கள். திருகாணியைத் தளர்த்தி, தலையைத் தூக்கி, சீமெண்ணெய்த் தட்டத்தில் வைத்துப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பஞ்சும் பிசுக்குமாக வருஷக்கணக்கான அழுக்கு கரைந்து வந்தது. அடியில் ஓடும் ஷாப்டிலிருந்து பெல்ட்டுகளை எல்லாம் உருவிச் சுருட்டி ஒரு கோணிக்குள் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் அன்று எல்லாருக்கும் சந்தோஷம்தான். தன் கையால் தன் மெஷினைக் குளிப்பாட்டுவதில் டெய்லருக்கு ஒரு பெருமை உண்டு. அமானுல்லாவும் தன்னுடையதைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்களைவிடச் சுத்தமாகத் துடைத்தார்.

சாயங்காலம் ஒரு கட்டை வண்டி வந்து கொல்லைப்புறம் வைக்கோலை இறக்கிவிட்டுப் போயிற்று. நல்ல உயரத்துக்குப் போர். கூடவே காலிக் கோணிகள்.

"ஏனுங்க மேஸ்திரி, இது யாருக்குத் தீனி?" என்றாள் மருதாள்.

"மொதலாளி தோட்டத்து மாட்டுக்கா இருக்கும்."

"மாடு தோட்டத்துல, வைக்கோலு கம்பெனியிலயாங்க?" அவள் தரையில் வரிசையாகக் கிடந்த மெஷின்களைப் பார்த்தாள். எண்ணெய் பூசி, சுத்தமாக, தலை மட்டும். "குளிப்பாட்டிப் படுக்க வெச்சாச்சு. இனித் தூக்கறதுதான் பாக்கி."

"சீ! வாயக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசற!" மருதாசலம் கத்திவிட்டார். அவர் கத்தி அந்த செக்‌ஷன் கேட்டதே இல்லை. எல்லாரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உடனே சிரித்தார். "நல்லதுக்குத்தான் புள்ள, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். அந்தச் சொல் அவர் காதுக்கே நன்றாக இல்லை.

மறுநாள் பூஜை. எடுத்துப்போன முருகனுக்குப் பதிலாக ஒரு காலண்டர் படத்தை ஆணியில் மாட்டியிருந்தார்கள். மெஷினுக்கு மெஷின் மருதாசலமே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொரியும் கடலையும் வந்தன, பூசணிக்காய் உடைத்தார்கள். ஞானசம்பந்தம் கற்பூரம் காட்டி, ஒவ்வொருவர் கையிலும் இனிப்புப் பெட்டியைக் கொடுத்து, "போய்ட்டு வாங்கண்ணா, போய்ட்டு வாங்கக்கா" என்று அனுப்பினான். கடைசியில் கதவைச் சாத்திப் பூட்டினான்.

வழக்கமாக அந்த நேரத்தில் சாவி அமானுல்லாவின் கைக்கு வரும். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் பழக்கத்தில் அவருடைய வலது கை பாதி நீண்டுவிட்டது. ஞானசம்பந்தம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினான். நீண்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் அமானுல்லா தொப்பியைச் சரி செய்துகொண்டார். மருதாசலம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இனிப்புப் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

விஜயதசமியன்று மத்தியானம். மருதாசலத்தின் வீட்டில் சாமி படத்துக்கு அடியில் அவருடைய கத்தரிக்கோல் குங்குமத்தோடு இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தார், தூக்கம் வரவில்லை. வாசலில் சைக்கிள் வந்து விழுகிற சத்தம் கேட்டது. அமானுல்லா மூச்சு வாங்க நின்றார்.

"மாமா, கம்பெனிக் கொல்லையில லாரி நிக்குது. வைக்கோலு பரப்பி மெசின ஏத்திக்கிட்டிருக்காங்க. கௌம்புங்க. நீங்க வந்து கூப்பிட்டாத்தான் ஆளுக வருவாங்க. மருதாள் இருக்குது, பக்கத்து லைன்ல எல்லாரும் ஊட்டுல இருக்காங்க. நாம வரிசையா முன்னால நின்னாப் போதும், லாரி நகராது. ஏறிட்டாப் போச்சுங்க."

சாரதாமணி புருஷனைப் பார்த்தாள். மருதாசலம் எழுந்தார். சட்டையைக்கூட எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். அப்புறம் நின்றார்.

"பெயிண்ட் அடிக்கக் கோயமுத்தூருக்கு அனுப்புவாங்களோ என்னவோ" என்றார்.

"மாமா!"

"இன்னைக்கு அங்க அடியெடுத்து வெக்கப்படாதுன்னு உனக்குத் தெரியாதா? பூஜை போட்ட மெசின் முன்னால போயி வம்பு பண்றதா? நாளைக்குக் கதவு தொறக்கட்டும். நான் கேக்கறன்னு சொன்னேனில்ல?"

"நாளைக்குக் கதவுதான் இருக்குமுங்க."

"நல்லதையே நெனை மாப்ள. கெட்டதா எதுவும் நடக்காது."

அமானுல்லா சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போனார். மருதாசலம் ஒரு கை போட்ட சட்டையோடு வாசலிலேயே நின்றார். போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். காலுக்கும் தெரியும். ஆனால் போனால், லாரியைக் கண்ணால் பார்த்துவிட்டால், இத்தனை நாளும் சிரிக்கச் சிரிக்கப் பேசியதெல்லாம் என்ன ஆகும்? சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சாரதாமணி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை கம்பெனிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. பூட்டு இல்லை, பூட்ட ஒன்றும் இல்லை. தையல் மேசைகளில் மெஷின் இருந்த இடமெல்லாம் ஓட்டை. தரையில் வைக்கோல் துணுக்கும், மிதிபட்ட பொரியும், வரிசை வரிசையாகக் குங்குமக் கறையும். காலண்டர் முருகன் மட்டும் ஆணியில் தொங்கினார். செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் நடுவில் நின்றார்கள், அமானுல்லாவைத் தவிர.

"பாய் நேத்துத் தனியாப் போயி நின்னாருங்களாம்" என்றாள் மருதாள். அவள் குரலில் வழக்கமான நக்கல் இல்லை. "லாரிக்கு முன்னால சைக்கிளப் போட்டுட்டு நின்னாராம். 'நீ ஒருத்தன்தான வந்திருக்கற, மத்தவங்களுக்கெல்லாம் சம்மதந்தான'ன்னு கேட்டாங்களாம். அதுக்கு அவரால பதில் சொல்ல முடியல. ரெண்டு பேரு தூக்கி ஓரமா நிறுத்திட்டுப் போயிட்டாங்க. சைக்கிள் மேல லாரி ஏறிப்போச்சு. எங்களக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பமுங்களே மேஸ்திரி. உங்க ஊட்டுக்குத்தான் மொதல்ல வந்தாராமே?"

மருதாசலம் மேசை ஓட்டையில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி வீட்டு டிரைவர் வந்து, மேஸ்திரி மட்டும் மண்ணரைக்கு வரணுமாம் என்றான். மேஸ்திரி மட்டும். எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

"நான் போயிக் கேட்டுட்டு வரேன்" என்றார் மருதாசலம். ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வழி நெடுக என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நன்றாகத்தான் வந்தது. மண்ணரை ஷெட்டின் கதவைத் தாண்டியதும் எல்லாம் போயிற்று. உள்ளே அவருடைய மெஷின்கள். அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து நெற்றியில் இருக்க, புது மேசைகளில் முடுக்கி வைத்திருந்தார்கள். முன்னால் தாராபுரம் பக்கத்திலிருந்து கூட்டி வந்த புது ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞானசம்பந்தம் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "உங்களாலதானுங்கண்ணா ஒரு சத்தமில்லாம முடிஞ்சுது. வேற எந்தக் கம்பெனியா இருந்தாலும் ரகளை ஆயிருக்கும். வாங்க, மொதப் பனியன் நீங்கதான் தைக்கோணும்."

"பழைய ஆளுகளெல்லாம்..." என்று ஆரம்பித்தார் மருதாசலம்.

"வேணுங்கறப்பச் சொல்லி அனுப்பறேனுங்க. நீங்களே போயி மனசு நோகாமச் சொல்லிருங்க. உங்களுக்குச் சொல்லித் தரோணுமா?"

கேட்க வந்தவர் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கரண்ட் போட்டார்கள், ஷாப்ட் சுற்றியது, கால் தானாகப் பெடலைத் தேடிப் பிடித்தது. அடுக்கி வைத்திருந்த வெட்டுத் துணியில் அவர் கை எடுத்தது பெரிய அளவை. எத்தனை வருஷமாகப் பூஜை கழிந்து அந்த அளவையே எடுத்துப் பழகிய கை! தோள் சேர்ந்தது, கழுத்துப் பட்டி ஏறியது, அடி மடிந்தது. தையல் ஒரு இழை கோணவில்லை. எழுந்தார். சொல்லிக்கொள்ளாமல் பனியனோடு வெளியே வந்தார்.

அமானுல்லாவின் வீட்டு வாசலில் செக்‌ஷன் முழுக்க உட்கார்ந்திருந்தது. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் முன்சக்கரம் வளைந்து கிடந்தது. அமீருன்னிசா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவள், மேஸ்திரியைக் கண்டதும் அவருக்கும் ஒரு கிளாஸ் எடுத்துவைத்தாள். மண்ணரையில் என்ன சொன்னார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மருதாசலம் நேராக அமானுல்லாவிடம் போய், பனியனை இரண்டு கையாலும் நீட்டினார். "மாப்ள, மொதப் பனியன்" என்றார்.

அமானுல்லா வாங்கி விரித்துப் பார்த்தார். தோளை நீவினார், கழுத்துத் தையலை விரலால் தடவினார். "நல்லாத் தெச்சிருக்கீங்க" என்றார். பிறகு பொறுமையாக மடித்தார். மடித்ததை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பி நீட்டினார்.

"இது காவல் இருந்தவங்களுக்குங்க, மேஸ்திரி. நான் இந்த வருசம் இருக்கலீங்க."

மாமா என்று அவர் சொல்லவில்லை.

"மாப்ள, நான்..."

"நீங்கதான் இருந்தீங்க. ஆடியிலிருந்தே இருந்தீங்க. எங்கள்ல ஒருத்தரு அந்தப் பக்கம் எட்டிப் பாக்காம, ஒரு கேள்வி கேக்காம, நெம்ப ஒழுங்காப் பாத்துக்கிட்டீங்க. வழக்கத்த மாத்தக் கூடாதுங்க. வாங்கிக்குங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அமானுல்லா சின்ன முதலாளியைப் போலவே மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அவர் கண் சிவந்திருந்தது. இரண்டு கையாலும் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கத்தான் மருதாசலத்துக்குத் தெரியும். வாங்கினார். வழக்கமான அந்தச் சொல் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

வீட்டில் சாரதாமணி அதை வாங்கி விரித்து அவர் மார்பில் வைத்துப் பார்த்தாள். தோள் இருபக்கமும் தொங்கியது, அடி தொடை வரைக்கும் வந்தது.

"ஏனுங்க, இது உங்களுக்கு லொடலொடன்னு இருக்குமே. யாருக்குத் தெச்சது?"

மருதாசலம் சாமி படத்தடியில் இருந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத்தான் குடுத்தாங்க" என்றார்.